செல்ஃப் அடிக்குது, வண்டி எடுக்கல: இம்மொபிலைசர் மறித்தால் எங்கிருந்து பார்ப்பது

ஏழெட்டு மாதம் கார்ஷெட்டில் கிடந்த வண்டி. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர் மறுநாள் காலையில் சாவியைத் திருகுகிறார். செல்ஃப் அடிக்கிறது. இன்ஜின் ஒரு நொடி உறுமிவிட்டு அணைகிறது, அல்லது உறுமவே இல்லை. மீட்டர் போர்டில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு படபடவென்று மின்னுகிறது. கருங்கல், குளச்சல், தக்கலை என்று கன்னியாகுமரி மாவட்டத்தின் எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் பழகிப்போன காட்சி இது. மதில் மேலாக எட்டிப் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: “இம்மொபிலைசர் போச்சு. போர்டு மாத்தணும்.”

இம்மொபிலைசர் என்பது, சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு. அதன் போர்டு அவ்வளவு எளிதில் போகாது. அதற்கு மின்சாரம் கொடுக்கிற பேட்டரியும், அதனோடு பேசுகிற சாவியும்தான் முதலில் கெடும். இரண்டையும் வீட்டு முற்றத்திலேயே அரைமணி நேரத்தில் சோதித்துவிடலாம். வரிசை மாறாமல் பார்த்தால் போதும்.

சாவிக்குள் நடப்பது என்ன

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்னச் சிப் இருக்கிறது. சிலவற்றில் நெல்மணி நீளத்துக் கண்ணாடிக் குழாய், சிலவற்றில் கறுப்புக் கரித்துண்டு போன்ற ஒரு வில்லை. இதற்குச் சொந்தமாக பேட்டரி கிடையாது. சாவி நுழையும் துவாரத்தைச் சுற்றி செப்புக் கம்பிச் சுருள் வைத்த ஒரு வளையம் உண்டு. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் அந்த வளையம் 125 கிலோஹெர்ட்ஸில், சில வண்டிகளில் 134.2 கிலோஹெர்ட்ஸில், அலையை அனுப்பும். சிப் அந்த அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லும். இன்ஜின் கம்ப்யூட்டரான இசியு தன்னிடம் பதிந்திருக்கிற அடையாளத்தோடு அதை ஒப்பிட்டு, சரியாக இருந்தால் பெட்ரோல் தெளிக்கவும் தீப்பொறி கொடுக்கவும் விடும். இவ்வளவும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். மாருதி இதற்கு வைத்திருக்கும் பெயர் ஐகேட்ஸ். மற்ற கம்பெனிகள் வேறு பெயர் வைத்திருந்தாலும் அடிப்படை இதுதான்.

கதவைத் திறக்கும் ரிமோட் இதில் சேராது. அது சுமார் 433 மெகாஹெர்ட்ஸில், பட்டன் செல்லின் தயவில் ஓடுகிற தனி வேலை. ரிமோட் கதவைத் திறந்துவிட்டது என்பதால் சிப் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. ரிமோட் செத்துவிட்டது என்பதால் சிப்பும் செத்தது என்றும் ஆகாது. புதிதாக வண்டி வாங்கியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். சாவியைத் திருகி எடுக்கும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று ரிமோட் செல்லை மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை.

பட்டன் அழுத்தி எடுக்கும் வண்டிகளில் கணக்கு மாறும். பட்டனை அழுத்தியதும் வண்டி குறைந்த அலைவரிசையில் “சாவி எங்கே?” என்று கேட்கும், சாவி 433-இல் பதில் சொல்லும். பதில் சொல்ல செல் வேண்டும். செல் தீர்ந்துபோனால் ஆபத்துக்கு உதவ, அதே சாவிக்குள் பேட்டரி வேண்டாத சிப் ஒன்றும் இருக்கும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது கீழே வருகிறது.

முதலில் காதால் கேளுங்கள்

சாவியைத் திருகியதும் என்ன சத்தம் வருகிறது என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. அல்லது பிடித்து ஒன்றிரண்டு நொடியில் அணைகிறது. கம்பெனி இம்மொபிலைசர் மறித்தால் பல வண்டிகள் நடந்துகொள்ளும் விதம் இதுதான். பெட்ரோல் இல்லாத வண்டியும் இப்படித்தான் சுற்றும், முள்ளை ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

செல்ஃப் இழுத்து இழுத்து அழுகிறது, அல்லது கடகடவென்று ரிலே துடிக்கிற சத்தம் மட்டும் வருகிறது. இது பேட்டரி. சாவி விளக்கு மின்னினாலும் பேட்டரிதான். வோல்ட் சரிகிறபோது இம்மொபிலைசர் பாகமும் இசியுவும் தூங்கித் தூங்கி எழும், விளக்கு கண்டபடி மின்னும். விளக்கைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

சத்தமே இல்லை, ஆனால் மீட்டர் விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது. செல்ஃபையே தடுக்கிற வகை இம்மொபிலைசராக இருக்கலாம். வெளியில் பொருத்திய அலாரமாக இருக்கலாம். கிளட்ச் அல்லது பிரேக் சுவிட்சாகவும் இருக்கலாம். பட்டன் வண்டியில் பிரேக்கை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லி பிரேக்கை மிதியுங்கள். பிரேக் லைட் எரியவில்லை என்றால் கோளாறு அந்த சுவிட்சிலோ அதன் ஃபியூஸிலோ இருக்கிறது, திருட்டுத் தடுப்பில் இல்லை. கியர் ஆட்டோமேட்டிக் என்றால் பி அல்லது என் நிலையில் இருக்க வேண்டும். ஏஎம்டி (கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும் மேனுவல் கியர்பாக்ஸ்) வண்டி என்றால் என் நிலை, பிரேக்கும் மிதித்திருக்க வேண்டும்.

சாவியே திரும்பவில்லை என்றால் அது ஸ்டீயரிங் பூட்டு. ஸ்டீயரிங்கை இடதும் வலதுமாக லேசாக அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். பலம் கொடுத்தால் சாவி முறியும்.

பிறகு விளக்கைப் படியுங்கள்

சாவிப் படமோ, கார் மேல் பூட்டுப் படமோ போட்ட விளக்கைத்தான் பார்க்க வேண்டும். வண்டி பூட்டிக் கிடக்கும்போது அது இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை மெதுவாகக் கண் சிமிட்டினால் காவல் இருக்கிறது என்று பொருள். அது கோளாறு அல்ல. ஆன் செய்ததும் சில நொடி எரிந்து அணைந்தால் சாவியை வண்டி ஏற்றுக்கொண்டது. இனி பெட்ரோல் பம்ப், சென்சார் பக்கம் போகலாம். ஆன் செய்த பிறகு வேகமாக மின்னிக்கொண்டே இருந்தாலோ அணையாமல் எரிந்தாலோ சாவியை ஏற்கவில்லை. விளக்கு எரியவே இல்லை என்றால் அந்தப் பாகத்துக்கு மின்சாரம் போகவில்லை, ஃபியூஸைப் பார்க்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி இதில் சிறு வேறுபாடு உண்டு. வண்டியோடு வந்த கையேட்டில் இந்த விளக்குக்கு அரைப் பக்கமாவது ஒதுக்கியிருப்பார்கள், அதுதான் கடைசித் தீர்ப்பு.

கூடவே ஆர்பிஎம் முள்ளையும் கவனியுங்கள். செல்ஃப் சுற்றும்போது பல வண்டிகளில் முள் கொஞ்சம் எழும். விளக்கு சரியாக அணைந்தும் முள் அசையவில்லை என்றால் இன்ஜின் சுற்றுவதை இசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் வைக்கலாம்.

சாவியைச் சோதிப்பது

இரண்டாவது சாவி இருந்தால் அதை வைத்துப் பாருங்கள். இதைவிட விலை குறைந்த, நம்பகமான சோதனை கிடையாது. இரண்டாவது சாவியில் வண்டி எடுத்தால் கோளாறு முதல் சாவியில். இரண்டிலும் எடுக்கவில்லை என்றால் கோளாறு வண்டியில், அல்லது பேட்டரியில். இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோத்தபடி சோதிக்காதீர்கள். சாவித் துவாரத்தைச் சுற்றிய செப்புச் சுருளுக்குப் பக்கத்தில் இரண்டு சிப்கள் ஒரே நேரத்தில் பேசினால் வண்டிக்கு ஒன்றும் புரியாது. வீட்டில் இருக்கிற இன்னொரு காரின் சாவி, கேட் திறக்கும் கார்டு, கனமான இரும்புச் சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒற்றைச் சாவியை மட்டும் போட்டு ஆன் செய்து ஐந்து நொடி காத்திருந்து, பிறகு திருகுங்கள். செலவில்லாமல் தீர்கிற கோளாறுகளில் இது ஒன்று.

அடுத்து, சாவிக்கு சமீபத்தில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். தலை உடைந்து, சாவிக் கடையில் புது ஷெல் (பிளாஸ்டிக் மேலுறை) மாட்டினீர்களா? பழைய ஷெல்லின் ஓரக் குழியில் ஒட்டியிருந்த சிப்பை எடுக்காமலே குப்பையில் போட்டிருப்பார்கள். புதுச் சாவியில் ரிமோட் வேலை செய்யும், கதவு திறக்கும், செல்ஃப் அடிக்கும், வண்டி மட்டும் எடுக்காது. ஷெல் மாற்றும்போது பக்கத்தில் நின்று சிப் புது ஷெல்லுக்குப் போகிறதா என்று கண்ணால் பாருங்கள். பழைய ஷெல்லைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் உலோகத்தில் வெட்டிய டூப்ளிகேட் சாவியும் இதே கதைதான். கதவு திறக்க உதவும், அதற்கு மேல் இல்லை.

கீழே விழுந்த சாவியில் கண்ணாடிச் சிப் விண்டிருக்கலாம். வெளியில் தெரியாது. காதருகே வைத்துக் குலுக்கி ஏதாவது கலகலத்தால் திறந்து பாருங்கள்.

சொத்தவிளையிலோ முட்டத்திலோ சாவியைப் பையில் வைத்துக்கொண்டே கடலில் இறங்கிவிட்டால் காயவைப்பது மட்டும் போதாது. உப்புத் தண்ணீர் காய்ந்த பிறகும் உப்பு அங்கேயே இருக்கும், காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு செப்பைத் தின்னும். ஷெல்லைத் திறந்து, செல்லை உடனே கழற்றி, போர்டை நல்ல தண்ணீரில் அலசி, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டு மென்மையான பல்துலக்கியால் தேய்த்து, நிழலில் ஒரு நாள் விடுங்கள். திற்பரப்பு அருவித் தண்ணீர் என்றால் அலசும் வேலை மிச்சம், ஆல்கஹாலும் நிழலும் போதும். அரிசிப் பானைக்குள் புதைக்க வேண்டாம். அரிசி உப்பை எடுக்காது, தவிட்டுத் தூசியைத்தான் உள்ளே விடும். போர்டு செத்தாலும் சிப் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆகவே ரிமோட் போனாலும் வண்டி எடுக்கும்.

பட்டன் வண்டியில் “சாவி இல்லை” என்று எழுத்து வந்தால் முதலில் செல்போனிலிருந்து சாவியைப் பிரித்து வையுங்கள். வயர்லெஸ் சார்ஜர் தட்டின் மேல் சாவி கிடந்தாலும் இதே எழுத்து வரும். அப்படியும் எடுக்கவில்லை என்றால் பிரேக்கை மிதித்தபடி சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டி வைத்து அழுத்துங்கள். ஹூண்டாயில் சாவியாலேயே பட்டனை அழுத்தச் சொல்வார்கள். டொயோட்டாவில் சின்னம் பொறித்த பக்கம் பட்டனைத் தொட வேண்டும். வேறு சில வண்டிகளில் கப் ஹோல்டரிலோ கன்சோலிலோ அதற்கென ஓர் இடம் இருக்கும். கதவு திறக்க ஷெல்லுக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவி போதும். சிலருக்கு அது இருப்பதே தெரியாது.

செல் மாற்றும்போது எண்ணைப் பாருங்கள். சிஆர் 2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 தடிமன். 2025 என்றால் தடிமன் 2.5. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் முள் சரியாகத் தொடாது. இன்றைக்கு வேலை செய்யும், நாளைக்குச் செய்யாது. சின்னச் சாவிகளில் 1632, 1620 வரும். 3 வோல்ட் செல் இது, மீட்டரில் 2.8-க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடலாம். பழைய செல்லைக் குழந்தை கைக்கு எட்டுகிற இடத்தில் போடாதீர்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பேட்டரியும் உப்புக் காற்றும்

நிறுத்தி வைத்த வண்டி சும்மா இருப்பதில்லை. அலாரம், இம்மொபிலைசர், கடிகாரம், ரிமோட்டுக்குக் காத்திருக்கும் ரிசீவர் எல்லாம் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. சின்னக் காரின் 35 ஆம்பியர் மணி பேட்டரி ஒரு மாதத்தில் வற்றிவிடும். ஆறு மாதம் கிடந்த வண்டி எடுக்கவில்லை என்பதில் ஆச்சரியம் இல்லை. எடுத்தால்தான் ஆச்சரியம்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டி அணைந்து சில மணி நேரம் ஆன பிறகு இரண்டு முனைகளிலும் வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடாமல் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டாம். வருகிற முடிவெல்லாம் பொய்யாக இருக்கும். ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரிக்கு வலு இல்லை. எடுத்த பிறகு 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் நின்றால் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது.

வோல்ட் நன்றாக இருந்தும் தொல்லை என்றால் டெர்மினலைப் பாருங்கள். தேங்காப்பட்டணம் முதல் கன்னியாகுமரி வரை கடலோர ஊர்களில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இது தனிப் பாடம். இடவப்பாதியில் ஒரு மழைக்காலம், ஐப்பசியில் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே உப்புக் காற்று. டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பது அதனால்தான். அந்தப் பூவுக்குள் மின்சாரம் திணறும். விளக்கு எரிகிற அளவுக்குப் போகும், செல்ஃப் இழுக்கும்போது விழுந்துவிடும். அந்த நொடியில்தான் இம்மொபிலைசர் மயங்குகிறது.

10 எண் ஸ்பானரால் முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். ஒரு டம்ளர் சுடுதண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பச் சோடாவைக் கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கழியும். பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் அது போகக் கூடாது. துடைத்துக் காயவிட்டு, முனைகளையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும்வரை தேயுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இறுக்கிய பிறகு கையால் திருகினால் அசையக் கூடாது. வாஸலின் தடவுவது எல்லாம் இறுக்கி முடித்த பிறகு. முன்னாலேயே தடவினால் அதுவே நடுவில் தடையாக நிற்கும்.

எல்லோரும் விட்டுவிடுகிற இடம் எர்த் கேபிள். நெகட்டிவிலிருந்து பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் போகிற கறுப்பு வயர் அல்லது பின்னல் பட்டை. அதன் கண்ணி போல்ட்டோடு சேரும் இடம் துருவேறியிருக்கும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றொன்றை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தக் கண்ணியைக் கழற்றிச் சுரண்ட வேண்டும். 0.5-ஐத் தாண்டினால் வேறு எதையும் தேடவே வேண்டாம், கோளாறு அங்கேதான்.

இன்னொரு வண்டியிலிருந்து ஜம்பர் போடுவதானால், சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், மறுமுனை செத்த வண்டியின் இன்ஜின் உலோகத்தில். ஐந்து நிமிடம் விட்டுப் பிறகு அடியுங்கள். உதவிக்கு வருகிற டிப்பர் லாரியின் பேட்டரி மட்டும் வேண்டாம். லாரியில் 24 வோல்ட். நல்ல மனதோடு கேபிளை நீட்டுவார்கள், இசியு போய்விடும்.

நீண்ட நாள் ஊரில் இல்லாதவர்கள் நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் போவது நல்லது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பதால் பயன் இல்லை. செல்ஃப் தின்றதையே அது திருப்பிக் கொடுக்காது. ஓட்டினால் அரைமணி நேரம் ஓட்டட்டும்.

ஃபியூஸ்

டிரைவர் பக்க டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு பெட்டி, பானெட்டுக்குள் இன்னொன்று. மூடியின் உள்பக்கப் படத்தில் இம்மோ, இசியு, மீட்டர், பிசிஎம், ஸ்மார்ட் கீ என்று வருகிறவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. போனதற்கு அதே எண்தான். மாற்றியதும் மறுபடி போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. பெரிய ஃபியூஸோ சிகரெட் தாளோ வைத்தால் வயரிங் கருகும்.

வெளியில் பொருத்திய அலாரம்

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்கள் இதை நிதானமாகப் படிக்கவும். பழைய வண்டிகளுக்கு ஆக்சஸரீஸ் கடையில் சென்ட்ரல் லாக்கும் அலாரமும் சேர்த்துப் பொருத்துவது வழக்கம். கம்பெனி இம்மொபிலைசருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டாஷ்போர்டுக்கு அடியில் ஸ்டீயரிங் கம்பத்தோடு பிளாஸ்டிக் பட்டையால் கட்டிய ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அதிலிருந்து ஒரு ரிலே, செல்ஃப் வயரையோ இக்னிஷன் வயரையோ பெட்ரோல் பம்ப் வயரையோ நடுவில் அறுத்து இணைத்திருப்பார்கள். டாஷ்போர்டு மேல் ஒட்டிய தனிச் சிவப்பு எல்இடி இருந்தால் இது இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

மீட்டர் போர்டின் சாவி விளக்கு ஒழுங்காக அணைகிறது, ஆனாலும் செல்ஃப் சத்தமே இல்லை அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைகிறது என்றால் இந்தப் பெட்டியைச் சந்தேகியுங்கள். ரிமோட்டால் ஒருமுறை பூட்டித் திறந்து பாருங்கள். ரிமோட் செத்திருந்தால் அடியில் தடவினால் சின்ன அழுத்து பட்டன் ஒன்று கிடைக்கும், வேலே சுவிட்ச் என்பார்கள். பல பெட்டிகளில் சாவியை ஆன் செய்து சில நொடிக்குள் அதை அழுத்தினால் காவல் விலகும்.

கெடுவது பெரும்பாலும் பெட்டி அல்ல, இணைப்பு. வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியதோடு விட்டிருப்பார்கள். இரண்டு மழைக்காலம் கழிந்தால் டேப் பசை உருகி நழுவும், செம்பு பச்சை பிடிக்கும். மேடு பள்ளத்தில் குலுங்கினால் அணையும், கொஞ்ச நேரத்தில் தானே சரியாகும். இதற்கு மருந்து, அந்த இணைப்புகளைப் பிரித்து ஈயப் பற்று வைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுவது. பெட்டியே வேண்டாம் என்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, அறுத்த வயரைப் பழையபடி சேர்க்கச் சொல்லிக் கழற்றிவிடலாம். நாள்பட்ட வண்டிக்கு அதுதான் நிம்மதி.

ஜிபிஎஸ் டிராக்கர் உள்ள வண்டிகளிலும் இன்ஜினை நிறுத்தும் ரிலே வைப்பது உண்டு. முன்பு டாக்ஸியாக ஓடியதையோ கடனில் இருந்ததையோ வாங்கியிருந்தால் அந்த டிராக்கர் இன்னும் உள்ளே இருக்கலாம், நிறுத்தும் ஆப் வேறொருவர் போனில் இருக்கலாம். வாங்கும்போதே கேட்டுக் கழற்றிவிட வேண்டிய பொருள்.

எலி

மழை பிடித்ததும் தோப்பு எலிக்கு பானெட் அடி வசதியான வீடு. பேட்டரி மேலும் ஏர் ஃபில்டர் பெட்டி பக்கத்திலும் தென்னை நார், காய்ந்த இலை, புழுக்கை தெரிந்தால் இன்ஜின் வயரிங்கை டார்ச் அடித்து முழுக்கப் பாருங்கள். இசியுவுக்குப் போகிற ஒரு வயர் கடிபட்டாலும் சாவி விளக்கு மின்னலாம். கடித்த இடத்தை டேப் சுற்றி மூடுவது மேலே சொன்ன அதே நோயை வரவழைக்கும்.

ஸ்கேனர் என்ன சொல்கிறது

ஸ்டீயரிங்குக்கு அடியில், ஸ்கேனரை மாட்டுவதற்கான 16 முனை ஓபிடி சாக்கெட் இருக்கிறது. விலை குறைந்த புளூடூத் கருவி இன்ஜினின் கோளாறு எண்களை (கோடு என்பார்கள்) மட்டும் படிக்கும், பல வண்டிகளில் இம்மொபிலைசர் பாகத்தோடு பேசாது. பி0513 என்றால் தவறான சாவி. பி0633 என்றால் சாவி இசியுவில் பதியப்படவில்லை. யு0167 என்றால் இம்மொபிலைசர் பாகத்தோடு பேச்சு அறுந்துவிட்டது. இங்கே சாவியை விட்டுவிட்டு ஃபியூஸையும் வயரையும் பார்க்க வேண்டும். யு0100 என்றால் இசியுவோடேயே பேச்சு இல்லை. பி0335 வந்தால் கிராங்க் சென்சார் வழி, திருட்டுத் தடுப்பைத் தொடவே வேண்டாம். இந்தக் கோடுகளை அழிக்கும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி பலவீனமாக இருந்தபோது பதிந்த கோடுகளை ஒருமுறை அழித்து, சார்ஜ் போட்ட பிறகு மறுபடி வருவதை மட்டும் நம்புங்கள்.

செய்யக் கூடாதவை

தள்ளி எடுக்க முயல வேண்டாம். இம்மொபிலைசர் மறித்த வண்டி எத்தனை பேர் தள்ளினாலும் எடுக்காது. வேறு கோளாறாக இருந்தால், எரியாத பெட்ரோல் சைலன்சர் வழிக்குப் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் வீட்டு வாசலே சரிவு. இறக்கத்தில் உருட்டி எடுக்கலாம் என்று தோன்றும். இன்ஜின் ஓடாதபோது பவர் ஸ்டீயரிங் இருக்காது. பிரேக் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

சாவியை 10 நிமிடம் ஆனில் வைத்தால் தானே சரியாகும் என்று சுற்றுகிற வீடியோ, அமெரிக்காவில் ஓடிய சில பழைய ஜிஎம் வண்டிகளின் பாஸ்லாக் முறைக்கு உரியது. இங்கே அதைச் செய்தால் பேட்டரிதான் இன்னும் இறங்கும். ஆனால் தவறான சாவியைப் பலமுறை போட்ட பிறகு சில வண்டிகள் கொஞ்ச நேரம் எந்தச் சாவியையும் ஏற்காமல் முரண்டு பிடிக்கும். சாவியை எடுத்துவிட்டு, கதவைச் சாத்தி, அரைமணி கழித்து மறுபடி முயல்வது நியாயம்.

பழைய இரும்புக் கடையிலிருந்து இசியு வாங்கி மாட்டினாலும் வண்டி எடுக்காது. அது வேறு சாவியைத் தேடும், மறுபடி பதிய வேண்டும்.

சாலையில் நின்றுவிட்டால் முதலில் நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, ஆட்கள் வண்டியிலிருந்து விலகி நில்லுங்கள். மார்த்தாண்டம் மேம்பாலம் போல ஒதுங்க இடமில்லாத இடத்தில் அங்கேயே நின்று பானெட்டைத் திறக்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலை 66-இலும் 44-இலும் 1033-க்குப் போன் செய்யலாம். இன்ஷூரன்ஸில் ரோட்சைடு உதவி சேர்த்திருக்கிறதா என்று பாலிசியைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்காமல் தட்டு வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள்.

சாவி பதிவதற்குப் போகும்போது

சிப் செத்தது உறுதி என்றால் புதுச் சாவியை வண்டிக்குப் பதிய வேண்டும். டீலரிடம் ஆர்சி, அடையாள அட்டை, இன்ஷூரன்ஸ் மூன்றும் எடுத்துப் போங்கள். ஆர்சி இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால் சாவி தரத் தயங்குவார்கள். அவர்கள் தயங்குவது சரிதான். பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். வீட்டில் இருக்கிற எல்லாச் சாவியையும் கொண்டுபோங்கள், வேலை செய்யாததையும் சேர்த்து. பல வண்டிகளில் புதிதாகப் பதியும்போது, அந்த நேரம் கையில் இல்லாத சாவிகள் நினைவிலிருந்து அழிந்துவிடும். கெட்டுப்போன சாவியைத் தூக்கிப் போடாதீர்கள். வண்டி திருட்டுப்போனால் இன்ஷூரன்ஸ்காரர்கள் இரண்டு சாவியையும் கேட்பார்கள். பதிந்து முடிந்ததும் அங்கேயே ஒவ்வொரு சாவியாகப் போட்டு எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

புது வண்டியோடு சாவிக்கொத்தில் எண் பொறித்த ஒரு சின்னத் தகடு வந்திருக்கும். சாவி முழுவதும் தொலைந்தால் புதிது வெட்ட அந்த எண் வேண்டும். அதைச் சாவியிலேயே தொங்கவிடாமல், வண்டியின் டாஷ்போர்டு பெட்டியிலும் போடாமல், கழற்றி வீட்டு அலமாரியில் ஆர்சி நகலோடு வையுங்கள்.